பெயரிலாக் கண்டனமும் ஒரு சரித்திராசிரியர் விடையும்

கையொப்பமின்றி வரும் கடிதத்தை நம்மவர் ‘மொட்டைக் கடிதம்’ என்பர். அத்தகையது வந்தால் படித்த அளவிலே கிழித்தெறிந்துவிடுக என்பது வீட்டிற் பெரியோர் கூறும் அறிவுரை. குடும்பப் பூசல், ஊர் வம்பு முதலியன பற்றி வருவனவற்றிற்கு அவ்வுரை தக்கதே. ஆயின், ஒருவன் எழுதிய சரித்திரத்தைக் குறித்து, “நீ கூறிய செய்தி பிழை, நீ காட்டிய மேற்கோளை மூலநூலில் நீ பார்த்ததே இல்லை” என்று பெயர் கூறாத ஒருவர் எழுதினால், அதனையும் கிழித்தெறிதல் ஆகுமோ? கூறியவர் முகங்காட்டாமையால் நம் பிழை சரியாகிவிடுமோ?

இவ்வினா, பதவி பற்றியன்றிப் பற்றுப் பற்றிச் சரித்திரம் எழுதுவார்க்கே பெரிதும் உரியது. பேராசிரியர் ஒருவரைக் கண்டிப்பவர் அவர்தம் கூற்றைக் கண்டிப்பதோடு அமைவர். ஆர்வத்தால் எழுதுவானைக் கண்டிப்பவரோ, “உனக்கு இதில் என்ன உரிமை?” என்னும் வினாவையும் உடன்சேர்த்தே வீசுவர். எறிந்த கை தெரியாதபோது அக்கல் இன்னும் வலிக்கும். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகட்கு முன்னர் இங்கிலாந்தில் இவ்வாறு தாக்குண்ட ஒருவர் எங்ஙனம் விடையளித்தார் என்பதை விளக்கவே இக்கட்டுரை எழுதலுற்றேன். அவர் ரோமன் கத்தோலிக்கக் குரு. யானோ சீர்திருத்தச் சபையிற் பிறந்தவன். வழக்கும் அவ்விரு சபையார்க்கும் இடையே நிகழ்ந்த ஒரு கொடுமையைப் பற்றியது. ஆதலின் யான் எப்பக்கம் சாய்வேனோ என்று படிப்போர் ஐயுறுதல் இயல்பு, ஐயுறுக.

ஜான் லிங்கார்டு என்பார் 1771-ஆம் ஆண்டு வின்செஸ்டர் நகரிற் பிறந்தார். அந்நாளில் ஆக்ஸ்போர்டிற் சேரவேண்டுமாயின் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 பிரமாணங்களுக்கும் உடன்பட்டுக் கையொப்பமிடுதல் வேண்டும். கத்தோலிக்கர் அதற்கு இசையார். எனவே லிங்கார்டு தம் பதினோராம் அகவையிற் கடல் கடந்து, பிரான்சு தேசத்து டூவே நகரிலிருந்த ஆங்கிலக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அவர் அங்குப் பயின்றுகொண்டிருந்தபோதே பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. தமக்கு அறிமுகமான ஒருவரைக் கூட்டத்தார் கொலைக்கு இழுத்துச் செல்வதைக் கண்டு, காரணம் யாதென ஒருநாள் அவர் வினவினாராம். உடனே கூட்டம் அவர்மேல் திரும்பிற்று. இக்குருமாணவனையும் விளக்குக் கம்பத்தில் தூக்குக என்ற கூக்குரல் எழுந்தது. அவர் ஓடித் தப்பினார். வெறிகொண்ட கூட்டம் எத்துணை விரைவிற் கொலைக்குத் துணியும் என்பதை ஏட்டிற் காணுமுன்னரே கண்ணாற் கண்டவர் அவர் என்பதைப் படிப்போர் நினைவிற் கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

1811 முதல் 1851-இல் இறக்குமளவும் நாற்பதாண்டுகள், லங்காஷயரைச் சார்ந்த ஹார்ன்பி என்னும் சிற்றூரில் ஒரு சிறு சபைக்குக் குருவாய் வாழ்ந்தார். அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி இல்லை. அவ்வூரிற் பெரும் புத்தகசாலையும் இல்லை. 1817-இல் ரோமாபுரி சென்று அங்குள்ள ஏடுகளைத் தாமே பார்த்தார். அதன் பின்னர், ரோமிலும் ஸ்பெயினிலும் இருந்த குருமார்களாகிய நண்பர்க்குக் கடிதம் விடுத்து, வத்திக்கான் சுவடிகளினின்றும் சிமங்காஸ் கோட்டையிலுள்ள அரசாங்கப் பத்திரங்களினின்றும் படிகள் எடுப்பித்து வருவித்துக்கொண்டார். இவ்வாறு எழுந்ததே அவருடைய இங்கிலாந்துச் சரித்திரம். முதல் மூன்று தொகுதிகள் 1819-இல் வெளிவந்தன. 1688 வரையுள்ள கதை 1830-இல் நிறைவெய்திற்று. புரோட்டஸ்டாந்தரும் படிக்கவேண்டும் என்னும் கருத்தினால் அவர் குரலை உயர்த்தாமல் எழுதினார். அதனாலேயே அவர் சபையைச் சார்ந்த மில்னர் என்னும் ஆயர், இந்நூல் நம் பக்கத்தை வலியுறுத்தவில்லை என்று குறைகூறினார். இருபுறமும் இடிபடும் மத்தளத்தின் நிலை நம்மவர்க்குப் புதிதன்று.

இனி, தாக்கியோர் பக்கம் செல்வோம். ‘எடின்பரோ ரெவ்யூ’ என்னும் பத்திரிகை 1802-இல் தோன்றியது. நூல்களைப் பற்றி அதில் வந்த நீண்ட மதிப்புரைகளில் எழுதினவர் பெயர் இராது. ‘யாம்’ என்னும் பன்மையே பேசும். அதனால் ஒருவர் கருத்து ஒரு நியாயஸ்தலத்தின் தீர்ப்புப் போல ஒலித்தது. அத்தீர்ப்புக்கு ஆளானவர்கள் செய்த முதற்காரியம், ‘யாம்’ என்பதற்குள் மறைந்திருப்பவர் யார் என்று தேடியதே. 1806-இல் தாமஸ் மூர் என்னும் கவிஞர் தம் பாட்டுக்களை இகழ்ந்ததற்காகப் பத்திராதிபராகிய ஜெப்ரியைத் துப்பாக்கிப் போருக்கு அழைத்தார். இருவரும் லண்டனுக்கருகில் ஓரிடத்தில் எதிரெதிர் நின்றனர். சுடுமுன் காவலர் வந்து பிடித்துக்கொண்டனர். பார்த்தால் ஒரு துப்பாக்கியிற் குண்டே இல்லை! ஊர் பல நாள் சிரித்தது. (பின்னர் அவ்விருவரும் நண்பராயினர் என்பதையும் கூறிவிடுதல் நன்று.) 1808-இல் பைரனுடைய இளமைப் பாடல்களை அப்பத்திரிகை நகையாடியது. பைரன் அடுத்த ஆண்டே ஒரு வசைநூல் இயற்றி ஜெப்ரியை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆனால் அம்மதிப்புரையை எழுதியவர் ஜெப்ரி அல்லர், பிரூம் என்பவர் எனப் பின்னர்த் தெரியவந்தது. ஆளைத் தேடி அடிப்பவன் அயலானை அடித்துவிடுதல் இதிலுள்ள முதல் இடையூறு.

1826-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஏட்டில் லிங்கார்டின் நூலைப் பற்றி ஒரு கண்டனம் வந்தது. அதன் பொருள், பிரான்சில் 1572-இல் நிகழ்ந்த பர்த்தொலொமேயு திருநாட் படுகொலை. அந்நிகழ்ச்சியை அறியாதார்பொருட்டுச் சுருங்கக் கூறுவேன். பிரான்சிலிருந்த சீர்திருத்தச் சபையாரை ஹியூகனோ என்பர். நெடுநாள் நிகழ்ந்த உள்நாட்டுப் போரைத் தணிப்பதற்காக, அச்சபையைச் சார்ந்த நவார் நாட்டு ஹென்றிக்கும் கத்தோலிக்க அரசன் ஒன்பதாம் சார்லஸின் தங்கைக்கும் ஆகஸ்டு 18-ஆம் நாள் பாரிஸில் திருமணம் நிகழ்ந்தது. ஹியூகனோத் தலைவர் பலரும் வந்து கூடினர். 22-ஆம் நாள், அவர்களுள் முதல்வரும் கடற்படைத் தலைவருமாகிய கொலிஞி தெருவில் நடந்து செல்லும்போது ஒரு சாளரத்தினின்றும் சுடப்பட்டார். ஒரு விரல் போயிற்று, ஒரு கை முறிந்தது, உயிர் தப்பியது. நீதி வேண்டுமென்று அவர் கூட்டத்தார் முழங்கினர். 24-ஆம் நாள் விடியுமுன், கொலிஞி தம் படுக்கையறையிலேயே கொல்லப்பட்டார். அதன்பின் தலைவரோடு நில்லாது, ஆண் பெண் குழந்தை என்னும் வேறுபாடின்றிப் பாரிஸ் நகரத்துச் சீர்திருத்தச் சபையார் கொன்று குவிக்கப்பட்டனர். பிற நகரங்களிலும் அக்கொலை வாரக்கணக்கிற் பரவிற்று.

எலிசபெத்து இராணியின் அரசியலை எழுதுங்கால் லிங்கார்டு இதனைத் தொட நேர்ந்தது. புரோட்டஸ்டாந்து நூல்களில் வழங்கிய கொள்கை, இது நெடுங்காலம் முன்னரே வகுத்த சூழ்ச்சி என்பது. 1565-இல் பேயோன் நகரில் அரசனின் தாய் கத்தரீன் ஸ்பெயின் நாட்டு ஆல்வா கோமகனைக் கண்டபோதே திட்டம் பிறந்ததென்றும், திருமணமே அதற்கு விரித்த வலையென்றும் கூறினர். லிங்கார்டு அதனை மறுத்தார். முதலிற் கருதியது கொலிஞி ஒருவரின் கொலையே. குறி தப்பியபின் பழிவாங்கப்படுவோம் என்னும் அச்சத்தில், இரண்டொரு நாளில் முடிவுசெய்ததே படுகொலை என்றார். கொலையை அவர் சரியென்று கூறவில்லை. எவ்வாறு பிறந்தது என்பதையே கூறினார்.

கண்டனக்காரர் இரண்டு குற்றங்களை ஏற்றினார். ஒன்று, லிங்கார்டின் முடிவு பிழை என்பது. மற்றொன்று, 1758-இல் கேவெய்ராக் என்னும் பிரெஞ்சுக் குரு தம் சபைக்குச் சார்பாக எழுதிய ஓர் ஆராய்ச்சியைப் பார்த்தெழுதிவிட்டு, மூலநூல்களையே பார்த்தவர்போல லிங்கார்டு அடிக்குறிப்பு இட்டார் என்பது. இவ்விரண்டும் ஒருதரத்தன அல்ல. முன்னது கருத்து வேறுபாடு. பின்னது நேர்மையைப் பற்றியது. அதிலும், கத்தோலிக்கர் பார்லிமெண்டில் அமரும் உரிமை வேண்டி வாதாடிய காலம் அது. அவ்வுரிமை 1829-இலேதான் கிடைத்தது. கத்தோலிக்கச் சரித்திராசிரியர் பொய்மேற்கோள் காட்டினார் என்றால் பழி அவரோடு நில்லாது என்பதை லிங்கார்டு அறியாதிருந்திரார்.

இவ்வகை வேறுபாட்டை அவருக்கு ஐம்பதாண்டு முற்பட்ட கிப்பனும் கண்டிருந்தார். ரோம ராஜ்யத்தின் வீழ்ச்சி பற்றிய அவர் நூலின் முதற்றொகுதி 1776-இல் வெளிவந்தது. அதில் 15, 16-ஆம் அத்தியாயங்கள் கிறிஸ்து மார்க்கம் பரவிய வரலாற்றை இழிவுபடுத்தின என்று குருமார் பலர் எதிர்த்தெழுதினர். கிப்பன் வாய்திறந்திலர். 1778-இல் டேவிஸ் என்னும் ஆக்ஸ்போர்டு இளைஞர் (இருபதைக் கடந்து ஓரிரண்டு ஆண்டே ஆனவர், எம்மனோரினும் சிறிதே மூத்தவர்) கிப்பன் மேற்கோள்களைத் திரித்தார், பிறர் நூலினின்று களவாடினார் என்று நூலெழுதினார். அப்போதுதான் கிப்பன் பேனாவை எடுத்தார். 1779-இல் வந்த அவர் மறுப்புரை டேவிஸின் குற்றச்சாட்டுக்களை ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தது. நம் மார்க்கத்துக்காகப் போராட வந்தவரே மூலநூல்களைச் செவ்வையாகப் பாராது வந்தாரென்பது நமக்கு வருத்தந்தரும் செய்தி. அவர் கொண்ட பற்று அவர் காட்டிய மேற்கோளைத் திருத்திவிடவில்லை.

லிங்கார்டு அதே 1826-இல், தம் நூலின் நான்காம் ஐந்தாம் தொகுதிகளிலுள்ள சில பகுதிகளுக்குச் சமாதானமாக ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதன் போக்கு கருதத்தக்கது. கண்டித்தவர் யாவர் என்னும் ஆராய்ச்சியில் அவர் பொழுதுபோக்கவில்லை. ‘மதிப்புரைகாரர்’ என்றே சுட்டிக்கொண்டு, அவர் கூற்றை எடுத்து முன்வைத்து, அதற்கெதிரே தாம் கொண்ட சான்றுகளை நிறுத்தினார். கசப்பு அறவே இல்லையென்று கூறமாட்டேன். குத்தலான வாக்கியங்கள் இடையிடையே உண்டு. ஆயினும் வாதம் ஆளைச் சுற்றாது ஏட்டையே சுற்றி நிற்கின்றது.

ஆளைத் தேடியிருப்பின் அவருக்கு எளியதொரு படைக்கலம் கிட்டியிருக்கும். எழுதியவர் ஜான் ஆலன். லிங்கார்டு பிறந்த அதே 1771-இல் ஸ்காட்லாந்திற் பிறந்தவர். வைத்தியம் கற்று, ஹாலந்து பிரபுவின் மாளிகையில் அவர்தம் புத்தகசாலையைப் பேணி வாழ்ந்தவர். பழைய சாஸனங்களிலும் சட்டங்களிலும் ஆழ்ந்த அறிவுடையவர். நாத்திகர் என்று நண்பர் வட்டத்திற் பெயர்பெற்றவர். தேவன் உண்டென்பதையே ஒப்பாதவர் சீர்திருத்தச் சபைக்குப் பரிந்து பேசுகின்றார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் கத்தோலிக்க வாசகர் கைகொட்டியிருப்பர். கைகொட்டல் முடிந்தபின், பேயோன் நகரத்திற் சூழ்ச்சி நிகழ்ந்ததா இல்லையா என்னும் கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கும். சொல்லிய வாயை விட்டுச் சொல்லிய பொருளைப் பார்க்கவேண்டுமென்பது வள்ளுவர் அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்த கருத்து. வாயே தெரியாதபோது அது சற்று எளிதாகிறது என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

இதன்பின் நிகழ்ந்தது யாரும் எதிர்பாராதது. 1827-இல் ஆலன், லிங்கார்டின் சமாதானத்திற்கு மறுமொழியாக ஒரு நூல் வெளியிட்டார். ஜெப்ரிக்கு எழுதிய கடிதவடிவில், தம் பெயரைத் தலைப்பிலேயே இட்டு. திரைக்குப் பின் நின்றவரை எவரும் இழுத்து வெளிப்படுத்தவில்லை. மறுப்பு அவர் எழுத்தை மதித்து வந்தது. அதற்கு விடையிறுக்கத் தாமே வெளிவந்தார்.

யார் கூறியது உண்மை? இதற்குப் பிற்காலத்தார் தந்த விடை இருவருள் எவர்க்கும் முழுதும் இனியதன்று. அக்காலத்துப் பாரிஸிலிருந்த போப்பின் தூதர் சல்வியாத்தி ரோமுக்கு விடுத்த கடிதங்களைப் பிரெஞ்சு எழுத்தாளர் ஷத்தோபிரியான் படியெடுத்து வைத்திருந்தார். அவை அவர் வாயிலாக மக்கின்டாஷ் என்னும் சரித்திராசிரியர் கைக்கு எட்டின. குண்டு கொலிஞியை உடனே கொன்றிருந்தால் இத்தனை பேர் மாண்டிருப்பர் என்று தாம் நம்பவில்லை என்னும் பொருள்பட அத்தூதர் எழுதியுள்ளார். இது லிங்கார்டின் கொள்கைக்குப் பெருந்துணை. ஆயினும் வழக்கு முடிந்தபாடில்லை: 1869-இல் ‘நார்த் பிரிட்டிஷ் ரெவ்யூ’வில் ஒரு கட்டுரை, படுகொலை நெடுநாள் முன்னரே சூழப்பட்டது என்று வாதித்தது. அதனை எழுதியவர் ஆக்டன் பிரபு, அவர் கத்தோலிக்கர்! சபை எதுவோ அதற்கேற்பவே முடிவும் இருக்கும் என்று நினைப்பார் இதனை எண்ணிப் பார்க்க. இற்றை நாள் சரித்திராசிரியருட் பெரும்பாலார் ஆண்டுக்கணக்கிலான சூழ்ச்சி என்பதை ஒப்புவதில்லை; சுட்டுக் குறி தப்பியதும் அதனாற் பிறந்த பீதியுமே காரணம் என்பர்; பாரிஸ் மக்களின் மதவெறிக்கும் அவர்கள் பெரும்பங்கு கொடுப்பர். முடிவளவில் லிங்கார்டு பெரும்பாலும் சரி. டூவே நகரத்துத் தெருவில் ஓடித் தப்பியவருக்கு, கூட்டத்தின் வெறிக்குத் திட்டம் வேண்டுவதில்லை என்பது தெரிந்திருத்தல் வியப்பன்று. ஆயின் அவர் பெரிதும் நம்பிய சான்று ஒன்றுண்டு. அரசனின் தம்பியாகிய ஆஞ்சூ கோமகன், போலந்துக்கு அரசனாகிக் கிராக்கோ நகரில் இருந்தபோது, உறக்கம் வாராத ஓரிரவிற் சொன்னதாகக் கூறப்படும் வாக்குமூலம் அது. அது உண்மையில் அவர் வாய்மொழிதானா என்று பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். கூரை நின்றது, தூண் ஒன்று உளுத்துப்போயிற்று.

இறந்தோர் தொகையில் லிங்கார்டு தவறினார். ஈண்டுச் சிறிது நிற்க விரும்புகிறேன். ஹியூகனோக்கள் தம் இரத்தசாட்சிகளின் வரலாற்றில் இறந்தோரைப் பெயர் பெயராக எழுதிவைத்தனர். தேடித் தேடியும் அவர்களுக்குக் கிட்டிய பெயர்கள் 786. லிங்கார்டு, அதனை இருமடங்காக்கினால் உண்மைத் தொகைக்கு அணித்தாகும் என்று கருதினார். அதாவது பிரான்சு முழுமைக்கும் ஏறத்தாழ 1,570. இக்கணக்கு எனக்கு உடன்பாடன்று. பாரிஸ் நகரசபையின் செலவுக் கணக்கில், சேன் நதியிலிருந்து கரையொதுங்கிய உடல்களைப் புதைத்த வெட்டியான்களுக்குக் கூலி கொடுத்த குறிப்பு ஒன்று உண்டு. அங்ஙனம் புதைக்கப்பட்டவை சற்றேறக்குறைய 1,100. ஒரே நகரம், அதிலும் ஆற்றில் எறியப்பட்டுக் கரைக்கு வந்தவை மட்டும். ஆர்லியான், லியோன், ரூவான், போர்தோ, துலூஸ் முதலிய நகரங்களின் கணக்கு இதில் இல்லை. இன்றைய ஆராய்ச்சியாளர் பாரிஸில் மட்டும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் என்றும், நாடுமுழுதும் ஐயாயிரம் முதல் பதினாயிரம் என்றும் மதிப்பர். அக்கூலிக் குறிப்பை எடுத்து வெளியிட்டவர் யார் தெரியுமா? லிங்கார்டு எவருடைய நூலைப் பார்த்தெழுதினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டாரோ அந்தக் கேவெய்ராக்கே.

இத்துணைக் கவனமுடையவர் இங்கு எப்படிச் சறுக்கினார்? யான் நினைப்பது இது. பெயர் எழுதிவைக்க ஒருவர் மிஞ்சியிருந்தாலன்றோ பெயர் ஏட்டில் ஏறும்? குடும்பத்தோடு மாண்ட தச்சன், ஊர்விட்டு வந்து வேலை செய்த பணிப்பெண், ஞானஸ்நானம் பெறாத குழந்தை ஆகியோர் எந்தச் சாட்சிப் பட்டியலில் இருப்பர்? பட்டியலை இரட்டித்தால் அவர்கள் எண்ணிக்கை வந்துவிடாது. பகைவர் மிகைப்படுத்திய இலட்சக் கணக்கை மறுக்கும் முனைப்பில், அவர் மறுபுறம் வெகுதூரம் சென்றுவிட்டார். தாக்கப்படுவோர்க்கு நேரும் இன்னோர் இடையூறு இது: பிறர் பிழையைக் காட்டுந்தோறும் நம் கூற்று முழுதும் சரியென்னும் நினைவு உள்ளே வளர்ந்துவிடும். கண்டனத்தில் முக்கால் பங்கு பொய்யானாலும், எஞ்சிய காற்பங்கை ஓரிரவு தலையணைக்கடியில் வைத்து உறங்குதல் வேண்டும்.

அவரது சமாதானநூல் விரைவில் மறுபதிப்புக்கள் கண்டது. எனினும் அவர் அடுத்த இருபது ஆண்டுகளிற் செய்த பெரும்பணி கண்டனங்களுக்கு விடை எழுதுவதன்று. புதிய ஏடுகள் வெளிவருந்தோறும் தம் நூலைத் திருத்துவதே. 1843-இல் ஆலன் இறந்தார். 1849-இல், எழுபத்தெட்டு வயதினராய், பத்துத் தொகுதிகளாக அமைந்த திருந்திய பதிப்பை ஹார்ன்பியிலிருந்தே லிங்கார்டு வெளியிடலானார்.